ஹோமரின் கைகளும் ஊராரின் கண்களும்

டாக்ஸி வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. ஹோமருக்கு இறங்க மனமில்லை. முதலில் பட்ச் மாமாவின் மதுக்கடைக்குப் போய் ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வரலாமே என்று உடன் வந்த இருவரிடமும் கேட்டுப் பார்க்கிறான். அவர்கள் மசியவில்லை. அதற்குள் வாசலில் நின்ற தங்கை பார்த்துவிடுகிறாள். அப்பா வருகிறார், அம்மா வருகிறாள், பக்கத்து வீட்டிலிருந்து வில்மா ஓடி வருகிறாள். வில்மா அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் கைகளோ இரண்டு பக்கமும் விறைத்துத் தொங்குகின்றன. டாக்ஸி புறப்படும்போது நண்பர்களுக்கு விடைகொடுக்க ஒரு கையை உயர்த்துகிறான். சட்டைக் கைக்கு வெளியே தெரிவது பிளந்த எஃகுக் கொக்கி. அம்மாவிடமிருந்து ஒரு விம்மல் வெளிப்படுகிறது. உடனே, ஒன்றுமில்லை என்று சமாளித்துக்கொள்கிறாள்.

டாக்ஸிக்குள் இருக்கும் இருவரில் ஒருவன், கடற்படையினர் அந்தப் பையனுக்குக் கொக்கியைப் பயன்படுத்த நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார்கள் என்று மெச்சுகிறான். மூத்தவர் ஒரு கணம் கழித்துச் சொல்கிறார்: தன் பெண்ணைக் கட்டிக்கொள்ளவும் அவள் தலையைக் கோதவும் அவர்களால் பழக்க முடியவில்லையே.

1946ஆம் ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் வெளியான ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தின் முதல் அரைமணி நேரத்துக்குள் வரும் காட்சி இது. வில்லியம் வைலர் இயக்கம், சாமுவேல் கோல்ட்வின் தயாரிப்பு, ராபர்ட் ஷெர்வுட் திரைக்கதை. இரண்டாம் உலகப் போரிலிருந்து ஒரே நாளில் ஒரே ஊருக்குத் திரும்பும் மூன்று பேரின் கதை. ஊரின் பெயர் பூன் சிட்டி. வரைபடத்தில் இல்லாத ஊர். ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியை மனத்தில் வைத்து உருவாக்கியது. மூவரில் ஆல் என்பவர் வங்கி அதிகாரி, காலாட்படையில் சார்ஜென்ட். ஃபிரெட் மருந்துக்கடையில் சோடாவும் ஐஸ்கிரீமும் கலந்து கொடுத்த பையன், விமானப்படையில் கேப்டன். ஹோமர் சாதாரணக் கடற்படை வீரன். அவன் இருந்த கப்பல் தீப்பிடித்து மூழ்கியதில் இரண்டு கைகளையும் இழந்தவன்.

முதல் தடவை இப்படத்தைப் பார்த்தபோது நான் கொக்கிகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தீக்குச்சி உரசுகிறான், பென்சில் பிடிக்கிறான், குண்டு போட்டுத் துப்பாக்கி சுடுகிறான். வித்தைக்காரனைப் பார்ப்பது போன்ற வியப்பு. இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான், வைலர் ஒவ்வொரு முறையும் கொக்கியோடு சேர்த்து இன்னொன்றையும் சட்டகத்துக்குள் வைத்திருப்பது புலப்பட்டது: அதைப் பார்க்கும் ஒரு முகம். விமான நிலையத்தில் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மேசையில் இருப்பவர், நான் போடட்டுமா என்கிறார். ஏன், என் பெயரை எனக்கு எழுதத் தெரியாது என்று நினைத்தீர்களா என்று ஹோமர் திருப்பிக் கேட்டுவிட்டு, நிதானமாக எழுதுகிறான். அந்த நொடியில் வெட்கப்படுபவர் மேசைக்காரர். கொக்கி ஹோமருக்குப் பழகிவிட்டது, ஊருக்குத்தான் பழகவில்லை என்பதை அப்போதே படம் சொல்லிவிடுகிறது. ஊனம் என்பதை ஓர் உடலுக்குள் தேடாமல், அந்த உடலுக்கும் அதைப் பார்க்கும் கண்ணுக்கும் நடுவில் தேடியதுதான் எண்பது ஆண்டுக்குப் பிறகும் இப்படம் பழசாகாததற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இது ஆரம்பத்திலேயே போட்ட திட்டமல்ல. 1944 ஆகஸ்டில் ‘டைம்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. விடுப்பில் ஊர் திரும்பும் கடற்படைத் தரைப்படையினர் ரயிலில் வீடு நெருங்க நெருங்க எப்படித் தவிக்கிறார்கள் என்பது பற்றியது. கோல்ட்வினின் மனைவி ஃபிரான்சிஸ் அதைப் படித்துவிட்டுக் கணவரிடம் காட்டினார். கோல்ட்வின், போர்க்களச் செய்தியாளராக இருந்த எழுத்தாளர் மெக்கின்லே காண்டரிடம் கதை எழுதித் தரச் சொன்னார். காண்டர் எதுகை இல்லாத செய்யுள் நடையில் ஒரு புத்தகத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார். திரைக்கதைக்குச் சுருக்கம் கேட்ட தயாரிப்பாளரிடம் காவியத்தை நீட்டினால் என்ன ஆகும்? கோல்ட்வினுக்கு அது உவப்பாக இல்லை. ஷெர்வுட் வந்து அதைத் திரைக்கதையாக்கினார்.

காண்டரின் புத்தகத்தில் ஹோமருக்குக் கைகள் இருந்தன. மூளையில் அடிபட்டு, உடல் தன் வசத்தில் இல்லாமல் இழுத்துக்கொள்ளும் நிலையில் ஊர் திரும்புகிறவன் அவன். இதை எந்த நடிகர் செய்தாலும் நடிப்பாகத்தான் தெரியும் என்ற கவலை வைலருக்கு இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ராணுவம் எடுத்த ‘டைரி ஆஃப் எ சார்ஜென்ட்’ என்ற குறும்படம் அவர் கண்ணில் பட்டது. கைகளை இழந்த ஒரு சார்ஜென்ட் மருத்துவமனையில் பயிற்சி பெற்று வெளியே வருவதைக் காட்டும் படம். அந்த சார்ஜென்ட்தான் ஹெரால்ட் ரஸ்ஸல்.

ரஸ்ஸல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1914இல் பிறந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். பேர்ல் ஹார்பர் தாக்குதலை அடுத்து ராணுவத்தில் சேர்ந்தார். பாராசூட் படையினருக்கு வெடிமருந்து கையாளச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. அதே நாளில், கடலுக்கு இந்தப் பக்கம், வட கரோலினாவின் கேம்ப் மெக்கால் பயிற்சி முகாமில் பழுதான திரியால் அவர் கையில் இருந்த டிஎன்டி வெடிமருந்து வெடித்தது. இரண்டு கைகளும் போயின. எதிரியை ஒரு தடவைகூடப் பார்க்காமல் கைகளை இழந்தவர். படத்தில் ஹோமரும் அப்படித்தான்: ஒரு ஜப்பானியரைக்கூட நான் பார்த்ததில்லை, நெருப்பும் வெடிச்சத்தமும்தான் தெரியும், கண்விழித்தபோது வேறொரு கப்பலில் இருந்தேன், கைகள் இல்லை என்று அவன் சாதாரணக் குரலில் சொல்கிறான். வீரக்கதையாக விரித்துச் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ரஸ்ஸலுக்கு இரண்டு வழிகள் இருந்தன. பார்வைக்குக் கை போலவே தோன்றும் பிளாஸ்டிக் கைகள். கையைப் போல் சற்றும் இல்லாத எஃகுக் கொக்கிகள். அவர் கொக்கியைத் தேர்ந்தெடுத்தார். பிளாஸ்டிக் கை பார்ப்பவரின் வசதிக்கானது, கொக்கி அணிபவரின் வசதிக்கானது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தக் கொக்கி எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் படம் இன்னும் நன்றாகத் திறக்கும். பிளவுபட்ட கொக்கிக்கு இரண்டு விரல்கள். ஒன்று அசையாது, மற்றொன்று அசையும். இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பவை கொக்கியின் அடியில் மாட்டிய ரப்பர் வளையங்கள். அசையும் விரலிலிருந்து ஒரு கம்பி முழங்கை வழியாக ஏறி, முதுகின் குறுக்கே செல்லும் தோள்வாரில் முடிகிறது. தோளை லேசாக முன்னே தள்ளினாலோ கையை நீட்டினாலோ கம்பி இழுபட்டு விரல் திறக்கும். தளர்த்தினால் ரப்பர் இழுத்து மூடிவிடும். பிடி எவ்வளவு இறுக்கமாக வேண்டும் என்பதற்கு ஏற்ப வளையங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. கை செய்ய வேண்டியதை முதுகும் தோளும் செய்கின்றன. இதன் அடிப்படை வடிவம் 1912 வாக்கிலேயே வந்துவிட்டது. இன்றும் உலகெங்கும் பலர் இவ்வகைக் கொக்கியைத்தான் அணிகிறார்கள்.

இதில் ஒரு குறை உண்டு. கொக்கிக்குத் தொடு உணர்வு கிடையாது. கிளாஸைப் பிடித்திருக்கிறோமா, நழுவவிடுகிறோமா என்பது விரலுக்குத் தெரியாது; கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சூடு தெரியாது, மென்மை தெரியாது. டாக்ஸியில் அந்த மூத்தவர், ஆல், சொன்னது எவ்வளவு கச்சிதமான வாக்கியம் என்பது இதை அறிந்த பிறகுதான் உறைக்கிறது. தலையைக் கோதுவது பயிற்சியால் வரக்கூடிய ஒன்றல்ல. ஊர் திரும்பும் விமானத்தில் ஹோமரே இதை வேறு மாதிரி சொல்லியிருப்பான்: டெலிபோன் சுழற்றுவேன், கார் ஓட்டுவேன், ஜூக்பாக்ஸில் காசு போடுவேன், எனக்கு ஒன்றுமில்லை, ஆனால்... எனக்கு ஒரு பெண் இருக்கிறாள்.

ரஸ்ஸலுக்கு நடிப்புப் பயிற்சி கொடுக்க கோல்ட்வின் ஏற்பாடு செய்தார். கேள்விப்பட்ட வைலருக்குக் கோபம் வந்து, அதை நிறுத்திவிட்டார். நடிக்கத் தெரியாத ஒருவரைத் தேடிப் பிடித்து வந்ததே அதற்காகத்தானே!

வைலருக்கும் இக்கதையில் சொந்தப் பங்கு இருந்தது. அல்சாஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரில் பிறந்து ஹாலிவுட்டுக்கு வந்த யூதர் அவர். போரில் அமெரிக்க விமானப்படைக்காக ஆவணப்படங்கள் எடுத்தார். ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற குண்டுவீச்சு விமானத்தில் ஏறி ஜெர்மனி மேல் பறந்து படம் பிடித்தார். 1945இல் இத்தாலி மேல் பறந்தபோது எஞ்சின் இரைச்சலில் காது அடைத்தது, பிறகு திறக்கவே இல்லை. ஒரு காது முற்றிலும் போயிற்று. இப்படத்தை எடுக்கும்போது கேமராவுக்கு அருகில் உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் வசனத்தைக் கேட்டார். காது போன இயக்குநர் கை போன நடிகரை வைத்து எடுத்த படம் என்பது மிகையான சொல்லாக ஒலிக்கலாம், நடந்தது அதுதான்.

நடிகர்களைக் கடைக்கு அனுப்பி, ஆயத்த உடைகளை வாங்கி, படப்பிடிப்புக்கு முன்பே சில வாரம் உடுத்திப் பழக்கிக்கொண்டு வரச் சொன்னார். அரங்குகளைப் பெரிதாக்காமல் மெய்யான வீட்டு அறைகளின் அளவிலேயே போடச் செய்தார். ஹாலிவுட்டின் வழக்கமான பளபளப்பு இப்படத்தில் இல்லாததற்கு இவையெல்லாம் காரணம். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட்.

‘சிட்டிசன் கேன்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்த அதே டோலண்ட். அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே கூர்மையோடு தெரியும்படி படம் பிடிப்பது அவர் கைவந்த கலை. அதற்கு லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்க வேண்டும். துளை சிறுத்தால் வெளிச்சம் குறையும். ஆகவே அரங்கில் விளக்கை வாரி இறைக்க வேண்டும். இவ்வளவும் எதற்கு? சாதாரணமாக இயக்குநர் ஒரு முகத்தை அண்மையில் காட்டி, பிறகு அந்த முகம் பார்ப்பதைக் காட்டி, மறுபடி முகத்துக்கு வருவார். எதை எப்போது பார்க்க வேண்டும் என்பதை வெட்டி வெட்டி நமக்கு ஊட்டுவார். டோலண்டின் சட்டகத்தில் பார்க்கப்படுபவரும் பார்ப்பவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். எங்கே கண் வைப்பது என்பது நம் பொறுப்பாகிறது.

இதற்குச் சினிமா வகுப்புகளில் வழக்கமாகக் காட்டப்படும் காட்சி பட்ச் மாமாவின் மதுக்கடையில் நடக்கிறது. ஃபிரெட்டுக்குக் கல்யாணமாகிவிட்டது, ஆனால் அவனுக்கும் ஆலின் மகள் பெக்கிக்கும் இடையில் காதல் முளைத்துவிட்டது. ஆல் அவனை அழைத்து, என் மகளை இனிப் பார்க்காதே என்கிறார். ஃபிரெட் எழுந்து, கடையின் மறுகோடியில் இருக்கும் டெலிபோன் அறைக்குப் போய் பெக்கியிடம் உறவை முறித்துக்கொள்கிறான். அந்தச் சமயம் பார்த்து ஹோமர் உள்ளே வருகிறான். மாமா எனக்குப் பியானோ கற்றுக்கொடுத்திருக்கிறார், வந்து கேளுங்கள் என்று ஆலை இழுத்துக்கொண்டு போகிறான். நமக்கு வெகு அருகில் மாமாவும் ஹோமரும் பியானோ வாசிக்கிறார்கள். கொக்கிகள் கட்டைகளின் மேல் குதிக்கின்றன. ஆல் பியானோ மேல் சாய்ந்து சிரிக்கிறார். தூரத்தில், நம் விரல்நகம் அளவுக்கு, கண்ணாடி அறைக்குள் ஃபிரெட். அவன் பேசுவது நமக்குக் கேட்பதில்லை. ஆலின் கண் இங்கும் அங்கும் போய்வருகிறது.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் இக்காட்சியைப் பற்றி 1948இல் விரிவாக எழுதினார். கதைக்கு முக்கியமானது தொலைவில் நடக்கிறது, கண்ணைப் பறிப்பது அருகில் நடக்கிறது. இந்த இழுபறிதான் காட்சியின் உயிர் என்பது அவர் வாதத்தின் சாரம். சரிதான். இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்வேன். படத்தில் இதுவரை ஹோமரின் கொக்கிகளைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதையே பார்த்தார்கள், அல்லது அதைப் பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபட்டார்கள். இங்கே முதன்முறையாக ஒருவர் கொக்கியிலிருந்து கண்ணை எடுத்து வேறெதையோ பார்க்கிறார், காரணம் அவருக்கு வேறு கவலை இருக்கிறது. ஹோமருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன? கை இல்லாதவன் பியானோ வாசிப்பது ஒரு சாதாரணப் பின்மாலைப் பொழுதாக மாறிவிடுகிறது.

வீட்டில் அப்படி இல்லை. அங்கே எல்லாரும் நல்லவர்கள், அதுதான் சிக்கல். அம்மா கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்கிறாள். அப்பா பரபரக்கிறார். வில்மாவின் தந்தை, இன்ஷூரன்ஸ் தொழிலில் இறங்கலாமே என்று ஆலோசனை சொல்கிறார். யாரும் வாய்விட்டு ‘உச்’ கொட்டவில்லை. ஆனால் அறை முழுக்க அந்த ‘உச்’ நிரம்பியிருக்கிறது. கடைசியில் ஒருநாள் வெடிக்கிறது. கொட்டகையில் வில்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போது தங்கையும் தெருப்பிள்ளைகளும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதைக் கண்டதும், கொக்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமா, நன்றாகப் பாருங்கள் என்று கத்தி, இரண்டு கொக்கிகளாலும் ஜன்னல் கண்ணாடியைக் குத்தி உடைக்கிறான். குழந்தைகள் செய்தது, பெரியவர்கள் மறைவாகச் செய்துகொண்டிருந்ததை வெளிப்படையாகச் செய்ததுதான்.

இதற்குப் பதில் படுக்கையறைக் காட்சி. ஒவ்வொரு இரவும் அப்பா வந்துதான் அவன் தோள்வாரைக் கழற்ற உதவுவார். ஒருநாள் அவன் வில்மாவை மாடிக்கு அழைத்துப் போகிறான். நீயே பார், பார்த்துவிட்டு முடிவு செய் என்பது அவன் எண்ணம். தோள்வாரைக் கழற்றிக் கட்டிலில் போடுகிறான். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் மட்டும் இருக்கும் கைகளோடு நிற்கிறான். இந்த நேரத்தில்தான் நான் எதற்கும் ஆகாதவன் என்கிறான். என் கைகள் அதோ கட்டிலில் கிடக்கின்றன, யாரையாவது கூப்பிடாமல் மறுபடி மாட்டிக்கொள்ள முடியாது, புத்தகம் படிக்க முடியாது, அந்தக் கதவு காற்றில் சாத்திக்கொண்டால் திறந்து வெளியே போக முடியாது, கேட்டது கிடைக்க அழ மட்டுமே தெரிந்த குழந்தையைப் போல. இசை உச்சத்துக்கு ஏறுவதில்லை, கேமரா முகத்தை நோக்கி ஓடுவதில்லை. வில்மா அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறாள், படுக்க வைத்துப் போர்த்திவிடுகிறாள், தோள்வாரை எடுத்து ஓரமாக வைக்கிறாள். பால் கிளாஸை எடுத்து வைப்பது போன்ற சகஜத்தோடு.

நம் பழைய பாட்டுகளில் விழுப்புண்ணைப் பற்றிய பெருமிதம் நிறைய. புண்பட்டவன் வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு துறை வகுத்திருக்கிறார்கள் என்பது பலருக்கு நினைவில் இராது: தொடாக்காஞ்சி. புண்ணோனைப் பேய் தொட்டுவிடாமல் மனைவி காவல் இருப்பது. வேப்பிலை செருகி, ஐயவி என்னும் வெண்கடுகு சிதறி, நறும்புகை இட்டு, காஞ்சிப் பண் பாடி அவன் புண்ணைக் காப்போம் வா என்று தோழியை அழைக்கும் புறநானூற்றுப் பெண்ணை வில்மா எனக்கு நினைவுபடுத்துகிறாள். வில்மா விரட்டும் பேய் வேறு; அது அந்த வீட்டுக் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

மற்ற இருவரின் கதைகளையும் படம் சளைக்காமல் சொல்கிறது. எனக்கு அவற்றில் பணம் பற்றிய பகுதிகள் பிடிக்கும். கேப்டனாக மாதம் 400 டாலருக்கு மேல் வாங்கிய ஃபிரெட்டுக்கு, அலைந்து திரிந்த பிறகு பழைய மருந்துக்கடையில் வாரம் 32.50 டாலருக்கு வேலை கிடைக்கிறது. ராணுவ உடையைப் பார்த்து மயங்கிக் கட்டிக்கொண்ட மனைவி மேரி, என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆண்டுகளை உனக்காக வீணாக்கினேன் என்று கொதிக்கிறாள். பூரிப்பாகத் தோன்றும் படத்தின் தலைப்பு வருவது இந்த வசையிலிருந்துதான். ஆல் தன் வங்கியில் ராணுவத்திலிருந்து திரும்பியோருக்குக் கடன் கொடுக்கும் பிரிவுக்குப் பொறுப்பேற்கிறார். 1944 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், கல்விச் செலவு, ஓராண்டு வரை வாரம் 20 டாலர் வேலையின்மைப் படி, வீடோ பண்ணையோ வாங்கும் கடனுக்கு அரசின் உத்தரவாதம் ஆகியவற்றை வழங்கியது. ஆனால் உத்தரவாதம் கடனில் ஒரு பகுதிக்குத்தான். கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் விருப்பம். அடமானம் வைக்க எதுவும் இல்லாத ஓர் இளம் விவசாயிக்கு ஆல் கடன் கொடுத்து மேலிடத்தின் முகச்சுளிப்பைச் சம்பாதிக்கிறார். விருந்தொன்றில் போதையோடு எழுந்து ஒரு கதை சொல்கிறார்: மேஜர் அந்தக் குன்றைப் பிடிக்கச் சொன்னார், அடமானம் என்ன தருகிறீர்கள் என்று கேட்டேன், தரவில்லை, நாங்களும் குன்றைப் பிடிக்கவில்லை, போரில் தோற்றோம்.

1945இல் ராணுவச் சீருடையில் இருந்த அமெரிக்கர்கள் ஒரு கோடியே 20 லட்சம் பேர். இரண்டே ஆண்டில் அது ஏறத்தாழ 15 லட்சமாகக் குறைந்தது. மீதிப் பேர் வீட்டுக்கும் வேலைக்கும் ஒரே சமயத்தில் வரிசையில் நின்றார்கள். திரையரங்குக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தார். ‘கான் வித் த விண்ட்’ படத்துக்குப் பிறகு அமெரிக்காவில் மிகப் பெரிய வசூல் இதற்குத்தான் என்பதில் வியப்பில்லை.

ஃபிரெட்டின் கெட்ட கனவுகளைப் பற்றி ஒரு சொல். எரியும் விமானத்தில் மாட்டிக்கொண்ட நண்பனின் பெயரைச் சொல்லித் தூக்கத்தில் அலறுவான். பிறகு, வேலை தேடி ஊரைவிட்டுப் போகும் வழியில், எஞ்சின் பிடுங்கப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வரிசை வரிசையாக நிற்கும் மைதானத்துக்குள் நுழைகிறான். கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோவில் உண்மையிலேயே அப்படிக் கிடந்த விமானங்கள் அவை. ஒன்றில் ஏறி மூக்குப் பகுதியில் தன் பழைய இடத்தில் உட்காருகிறான். எஞ்சின் இல்லாத இறக்கைகளை நோக்கிக் கேமரா நகர, ஹியூகோ ஃபிரீட்ஹோஃபரின் இசை எஞ்சின்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பிக்கிறது. 1946இல் கற்பனைக் கதையாக இதைக் காட்ட முடிந்தது. அதே ஆண்டு இயக்குநர் ஜான் ஹூஸ்டன், மனம் உடைந்த படைவீரர்களை மருத்துவமனையிலேயே படம் பிடித்து ராணுவத்துக்காக ஓர் ஆவணப்படம் முடித்துக் கொடுத்தார். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி ராணுவம் அதை 1980 வரை வெளியே விடவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் போரின் அதிர்ச்சி மனத்தில் விட்டுச்செல்லும் இந்நோய்க்குத் தனிப் பெயர் ஏறியதும் 1980இல்தான்.

இனி, படம் பார்க்காதது. பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பினத்தவர் அப்போரில் பணியாற்றினார்கள். பூன் சிட்டியில் அவர்கள் காட்சியின் ஓரத்தில் தோன்றி மறைவதோடு சரி. 1946 பிப்ரவரியில் சார்ஜென்ட் ஐசக் வுடார்ட் என்ற கறுப்பின இளைஞர், பசிபிக் போர்முனையில் பணியாற்றித் திரும்பி, ஜார்ஜியாவில் ராணுவத்திலிருந்து விடைபெற்ற சில மணி நேரத்தில், சீருடை மாற்றாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஓட்டுநரோடு வாய்த்தகராறு. தென் கரோலினாவின் ஒரு சிற்றூரில் போலீசார் அவரை இறக்கி அடித்தார்கள். இரண்டு கண்களும் போயின. அந்த ஊரின் போலீஸ் தலைவரை, முழுக்க வெள்ளையர் அடங்கிய ஜூரி சுமார் அரைமணி நேரம் ஆலோசித்து விடுதலை செய்தது. அது நடந்ததும் 1946 நவம்பரில், இப்படம் திரைக்கு வந்த அதே மாதத்தில். போரிலிருந்து திரும்பும் வழியில் ஊனமாக்கப்பட்ட அவருக்குப் பூன் சிட்டியில் ஒரு தெருகூட இல்லை. வங்கிக் கடன் விஷயமும் அப்படித்தான்: 1947இல் மிசிசிப்பி மாநில நகரங்களில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பில், அரசு உத்தரவாதத்தோடு கொடுத்த 3,000க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. பார்க்கும் கண்ணைப் பற்றி இவ்வளவு கூர்மையாக யோசித்த படத்துக்கும் குருட்டுப் புள்ளி இருந்தது.

இருந்தும், அது காட்டியதே சிலருக்கு அதிகமாகப்பட்டது. மருந்துக்கடையில் ஒருவன், நாம் தவறான ஆட்களோடு போரிட்டோம் என்று ஹோமரிடம் வாதம் செய்ய, ஹோமர் அவன் கோட்டில் குத்தியிருந்த கொடிச் சின்னத்தைக் கொக்கியால் பிய்த்தெடுக்க, ஃபிரெட் அவனை அடித்து வேலையை இழக்கும் காட்சி ஒன்று உண்டு. 1947 அக்டோபரில், ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடும் நாடாளுமன்றக் குழு விசாரணை தொடங்கியிருந்தபோது, வைலர் வானொலியில் பேசினார்: போன ஆண்டு எடுத்ததைப் போல இப்படத்தை இன்று எடுக்க என்னை விடமாட்டார்கள்.

1947 மார்ச்சில் ஆஸ்கர் விழா. எட்டுப் பரிந்துரைகளில் ஏழு விருதுகள்: சிறந்த படம், இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு, இசை, ஆலாக நடித்த ஃபிரெட்ரிக் மார்ச்சுக்குச் சிறந்த நடிகர். தொழில்முறை நடிகரல்லாத ரஸ்ஸலுக்குத் துணை நடிகர் விருது கிடைக்க வாய்ப்பில்லை என்று எண்ணிய அகாடமி நிர்வாகிகள், சக படைவீரர்களுக்கு நம்பிக்கையும் துணிவும் அளித்ததற்காக அவருக்குச் சிறப்பு விருது ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தார்கள். அதைக் கொடுத்தார்கள். பிறகு உறையைப் பிரித்தால், ஏழாவதான துணை நடிகர் விருதும் அவருக்கே. ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் பெற்றவர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அவர் வெல்வார் என்று நம்பாமல் கொடுத்த அந்தச் சிறப்பு விருதிலும் கொஞ்சம் ‘உச்’ இருந்ததோ என்று எனக்கு ஒரு குறும்பு எண்ணம் உண்டு.

வைலர் அவரிடம், கல்லூரிக்குத் திரும்பிப் போங்கள், கை இல்லாத ஆளுக்குச் சினிமாவில் அதிக வேலை இராது என்று சொன்னார். ரஸ்ஸல் கோபித்துக்கொள்ளவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தார். படத்தில் கடைசிவரை ஹோமருக்கு வேலை எதுவும் கிடைப்பதில்லை. ஓய்வூதியமும் வில்மாவும் கிடைக்கிறார்கள், கொக்கியால் அவள் விரலில் மோதிரம் போடுகிறான், படம் முடிகிறது. ரஸ்ஸலின் வாழ்க்கை அந்த விடுபட்ட இடத்தில் ஓடியது. 1964 முதல் 1989 வரை, மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்காக அமெரிக்க அதிபர் அமைத்த குழுவின் தலைவராக இருந்து, முதலாளிகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் அமெரிக்கச் சட்டம் அவர் பொறுப்பிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1990இல் வந்தது.

1992இல், மனைவியின் மருத்துவச் செலவுக்கு என்று சொல்லி, தம் ஆஸ்கர் ஒன்றை ஏலம் விட்டார். அகாடமி கூடாது என்று தடுத்துப் பார்த்தது. 60,500 டாலருக்குப் போயிற்று. விற்றது நடிப்புக்காகக் கிடைத்தது. சக படைவீரர்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்ததை அவர் ஏலத்துக்கு எடுத்துப் போகவில்லை.